ஓடையை ஒட்டிக் கூடாரம் அடிக்கலாமா?

கேள்வி, மார்ச் 2
காட்டுக்குள் ஒரு சின்ன முகாம், மொத்தமே ஆறு இடங்கள்தான். பக்கத்தில் ஓடை. "ரொம்ப அமைதியான இடம், தூக்கம் அப்படி வரும்" என்கிறார்கள். ஓடையை ஒட்டிய இடத்தை எடுக்கலாமா, தள்ளி எடுக்கலாமா? முதல் தடவை போகிறோம். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் வருகிறார்கள்.

மார்ச் 2, இரவு

தள்ளி எடுங்கள். கரையோர இடம் படத்தில்தான் அழகு.

முதல் தடவை நானும் கரையோரம்தான் அடித்தேன். தண்ணீரிலிருந்து நாலு எட்டு இருக்கும். பகல் முழுக்கச் சொர்க்கம். இரவு இரண்டு மணி இருக்கும், வெளியே இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று. என்ன பேசுகிறார்கள் என்று மட்டும் பிடிபடவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனால் ஒருவரும் இல்லை. திரும்பிப் படுத்தால் மறுபடியும் பேச்சு, நடுவில் ஒரு சிரிப்பு வேறு. விடியும்வரை இதே கதை. பனங்காட்டு நரிதான் சலசலப்புக்கு அஞ்சாது, நான் நன்றாகவே அஞ்சினேன். காலையில் மச்சானிடம் சொன்னால் தனக்கும் கேட்டது என்றான், ஆனால் அவனுக்குக் கேட்டது ரேடியோவாம்.

பேய் இல்லை, பயப்படாதீர்கள். ஒழுங்கில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிற சத்தத்தில் தெரிந்த சத்தம் எதையாவது தேடிப் பிடிப்பது மூளையின் பழக்கம். மேகத்தில் முகம் தெரிகிற மாதிரிதான்.

ஆகவே இரண்டு மடங்கு தள்ளிப் போங்கள், சத்தம் பாதியாகிவிடும்.

மார்ச் 3

நேற்று கடைசி வரியில் எழுதியது தப்பு. காலையில் பல் தேய்க்கும்போது உறைத்தது.

ஒரே இடத்திலிருந்து வருகிற சத்தம், ஜெனரேட்டர் மாதிரி, தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும். ஓடை ஒரு புள்ளியா? நீளக் கோடு. நாம் தள்ளிப் போகப் போக ஓடையின் இன்னும் நீளமான பகுதி காதுக்கு வந்து சேர்கிறது. அதனால் தூரம் இரட்டித்தாலும் 3 டெசிபல்தான் குறையும், அது காதுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். "பாதிச் சத்தம்" என்று நமக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். கணக்குப் போட்டால் 10 மீட்டரில் இருப்பவர் 100 மீட்டருக்குப் போக வேண்டும். அவ்வளவு தூரம் தண்ணீர் தூக்குவது யார்?

தூரத்தை நம்பாமல் மறைப்பைத் தேடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். எழுதுகிறேன், இப்போது வேலைக்கு நேரமாகிவிட்டது.

மார்ச் 3, இரவு

ஓடைச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் தண்ணீர் கல்லில் மோதுகிறது என்போம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பெரும்பாலும் குமிழிகளின் வேலை அது. தண்ணீர் கல்லைத் தாண்டி விழும்போது காற்றைக் கூடவே உள்ளே இழுத்துப் போகிறது, அந்தக் காற்றுக் குமிழி உள்ளே போன வேகத்தில் சுருங்கி விரிந்து மணி மாதிரி ஒலிக்கிறது. மின்னார்ட் என்ற இயற்பியலாளர் 1933-இல் இதற்குக் கணக்கே போட்டு எழுதிவிட்டார். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி ஏறக்குறைய 3,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 3,000 அதிர்வில் பாடும், 3 மில்லிமீட்டர் குமிழி 1,000 ஹெர்ட்ஸில். குமிழி பெருத்தால் குரல் தடிக்கும்.

இப்போது இரவு இரண்டு மணிக்குக் கேட்ட அந்தக் குரல்களைப் பாருங்கள். மனிதப் பேச்சில் சொற்களைப் பிரித்துக் காட்டுகிற ஒலிகளில் பாதிக்கு மேல் 1,000-த்துக்கும் 4,000-த்துக்கும் நடுவில்தான் இருக்கின்றன. ஓடை பாடுகிறதும் அதே இடம். மச்சானுக்கு ரேடியோ கேட்டதில் ஆச்சரியமே இல்லை.

இனி மறைப்பு. 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஒரு சாணுக்கும் குறைவு. தன் அலைநீளத்தைவிடப் பெரிய தடையை ஒலி எளிதில் வளைத்துக்கொண்டு வராது. இடுப்பளவுப் பாறை ஒன்று நடுவில் இருந்தாலே, படுத்திருப்பவர் காதுக்கு அந்தக் கீச்சுப் பகுதி நன்றாக மட்டுப்படும். அடியில் கேட்கும் "ஓ" என்ற இரைச்சல் மட்டும் பாறையை வளைத்துக்கொண்டு வந்துவிடும், அது தூக்கத்துக்குத் தாலாட்டு. ஆகக் கரையிலிருந்து எத்தனை மீட்டர் என்று அளக்காதீர்கள். கூடாரம் போடும் இடத்தில் தரையில் மல்லாந்து படுத்துப் பாருங்கள். நின்றால் கேட்பது வேறு, படுத்தால் கேட்பது வேறு. பக்கத்துக் கூடாரத்துக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

மார்ச் 4

"பகலில் சத்தம் இவ்வளவு இல்லையே, இரவில் மட்டும் ஏன் கூடுகிறது" என்று ஒருவர். பிரமை கொஞ்சம், நிஜம் கொஞ்சம். பறவையும் காற்றும் அடங்கியதும் மிச்சமிருப்பது பெரிதாகத் தெரிவது பிரமை. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே இருப்பது வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது மேலே தப்பிப் போக வேண்டிய ஒலி வளைந்து கீழேயே திரும்புகிறது, அது நிஜம். இன்னொன்றும் உண்டு. பகலில் கரையோர மரங்கள் வேர் வழியாக நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன, வெயில் சாய்ந்ததும் நிறுத்திக்கொள்கின்றன, அதனால் சின்ன ஓடைகளில் வறண்ட காலத்தில் இரவில் நீர் ஒரு சிட்டிகை கூடும். பனி உருகி வருகிற ஓடையானால் சிட்டிகை இல்லை, நன்றாகவே கூடும், பகல் வெயிலில் உருகியது சாயங்காலமோ இரவோதான் வந்து சேரும். காலையில் கல் மேல் கால் வைத்துத் தாண்டிய இடத்தைச் சாயங்காலம் தாண்ட முடியாமல் அக்கரையில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

மார்ச் 4, சற்று நேரம் கழித்து

சத்தத்தையே பேசிக்கொண்டு முக்கியமானதை விட்டுவிட்டேன். பிள்ளைகள் வருகிறார்கள் என்றீர்களே.

கூடாரம் அடிக்கும் முன் கரையோரப் புதர்களைப் பாருங்கள். காய்ந்த இலை, குச்சி, புல் எல்லாம் ஒரே உயரத்தில் கிளைகளில் சிக்கி, ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தால், தண்ணீர் கடைசியாக அங்கேதான் வந்து போயிருக்கிறது. ஒருமுறை என் இடுப்புக்கு மேலே பார்த்தேன். அன்று கணுக்கால்கூட நனையாத ஓடை அது. நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் மேலே மலையில் கொட்டுகிற மழை கீழே வெள்ளமாக வரும், நமக்கு முன்கூட்டிக் கிடைக்கும் அடையாளம் அதிகம் இருக்காது. தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலை தழை மிதந்து வந்தாலோ, சத்தத்தின் சுருதி மாறினாலோ யோசிக்காமல் எழுந்து மேட்டுக்குப் போய்விடுங்கள். வேகமாக ஓடுகிற தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஆழத்திலேயே பெரியவரைச் சாய்த்துவிடும்.

இந்த ஒரு விஷயத்தில் நான் காமெடி பண்ணமாட்டேன்.

மார்ச் 6

குளிரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஓடை ஓடுவது பள்ளத்தில். குளிர்ந்த காற்று கனமானது, அதுவும் தண்ணீர் மாதிரியே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். இரவில் கரையிலிருந்து மேட்டுக்கு நடந்து பாருங்கள், ஓர் இடத்தில் போர்வைக்குள் நுழைந்த மாதிரி கன்னத்தில் சட்டென்று வெதுவெதுப்பு படும். அந்த இடம்தான் கூடாரத்துக்கு.

அப்புறம் ஈரம். கரையோரம் அடித்த கூடாரத்தில் காலையில் கண் விழித்தால் உள்பக்கத் துணியில் வரிசையாக நீர்த்துளிகள். ஒவ்வொன்றும் பக்கத்துத் துளியோடு சேர்ந்து கனத்து, தையல் வழியே மெல்ல இறங்கி, தையல் முடிகிற இடத்தில் கொஞ்சம் தயங்கி, நேராக மூக்கில். ஒழுகுகிறது என்று திட்டினேன். ஒழுகவில்லை. இரவெல்லாம் நாங்கள் விட்ட மூச்சுதான் குளிர்ந்த துணியில் படிந்திருந்தது. குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடியது நான்தானே. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று காற்று போக வழி விட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

மரத்தடியில் அடித்தால் பனி குறையும். துணி வெட்டவெளி வானத்துக்கு வெப்பத்தை இழப்பது மட்டுப்படும். ஆனால் அண்ணாந்து பார்க்காமல் மரத்தடியில் அடிக்காதீர்கள். பட்டுப்போன கிளை காற்றே இல்லாத இரவிலும் விழும்.

மார்ச் 6, இன்னும் ஒன்று

தடிமனான ஸ்லீப்பிங் பேக் வாங்கியும் குளிர்ந்தது என்பவருக்கு: குளிர் கீழேயிருந்து வந்தது. உடம்பு கனத்தில் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிட்டால் அது வெறும் துணிதான். அடியில் விரிக்கிற மேட் மேல் ஆர்-மதிப்பு என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், குளிரை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் எண், கூடக்கூட நல்லது. சாதாரண நுரை மேட் 2 பக்கம் இருக்கும். கோடைக்குப் போதும், ஓடைப் பள்ளத்துக் குளிருக்குப் போதாது. இரண்டு மேட் இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று போடலாம், மதிப்பும் கூடிக்கொள்ளும்.

குளிருக்காகக் கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழவே மாட்டார்.

மார்ச் 9

"ஓடுகிற தண்ணீர் சுத்தம்தானே, அப்படியே குடிக்கலாமா?"

கூடாது. கண்ணாடி மாதிரி தெரிந்தாலும் கூடாது. நாம் நிற்கிற இடத்துக்கு மேலே எந்த விலங்கு எங்கே என்ன செய்தது என்று யாருக்குத் தெரியும்? ஜியார்டியா என்கிற ஒட்டுண்ணி குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கொதிக்க வைப்பதுதான் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய வழி: தளதளவென்று ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். வடிகட்டி வைத்திருந்தால் 0.1 அல்லது 0.2 மைக்ரான் துளை உள்ளது ஒட்டுண்ணியையும் பாக்டீரியாவையும் பிடித்துவிடும், வைரஸ் தப்பிவிடும். குளோரின் மாத்திரை வைரஸுக்கு ஆகும், கிரிப்டோஸ்போரிடியம் என்கிற இன்னொரு ஒட்டுண்ணிக்கு ஆகாது. ஆக எதுவும் தனியாகப் பூரணம் இல்லை, வெந்நீரைத் தவிர.

நுண்குழல் வடிகட்டி வைத்திருப்பவர்கள் உறைபனி இரவில் அதைப் படுக்கைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மிச்சமிருக்கிற நீர் உறைந்தால் குழல்கள் விரிசல் விடும், வெளியே பார்த்தால் தெரியாது. நான் ஒரு சீசன் முழுக்க அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு பெருமையாகத் தண்ணீர் வடிகட்டிக் கொடுத்திருக்கிறேன். குடித்தவர்கள் மன்னிக்கவும்.

மார்ச் 9, இரவு

கழிப்பறை இல்லாத முகாமானால் தண்ணீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி, ஏறக்குறைய எழுபது எட்டு வைக்கும் தூரத்தில், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மூட வேண்டும். பாத்திரம் கழுவுவதும் ஓடையில் வேண்டாம். "மக்கும் சோப்பு" என்று எழுதியிருக்கும், அது மக்குவதற்கு மண் வேண்டும், ஓடையில் கலந்தால் சோப்பு சோப்புதான்.

மார்ச் 10

முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர் மடக்கியிருக்கிறார்: "எல்லாவற்றுக்கும் 60 மீட்டர் என்றால் கூடாரத்துக்கும்தானே?" நியாயம். காட்டில் நாமாக இடம் தேடும்போது கூடாரத்துக்கும் அதே 60 மீட்டர்தான் சொல்வார்கள். இரவில் தண்ணீருக்கு வருகிற விலங்குகளின் வழியை மறிக்கக் கூடாது, கரை மண்ணும் மிதிபடக் கூடாது. ஏற்கெனவே தரை இறுகி, எண் பலகை வைத்த முகாம்களில் குறித்த இடத்தில்தான் அடிக்க வேண்டும், அங்கே புது இடம் தேடிப் போவதுதான் தப்பு. முதல் நாளே இதைப் பிரித்துச் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 13

ஓடைக்கல்லை எடுத்து நெருப்பைச் சுற்றி அடுக்காதீர்கள். உள்ளே ஊறியிருக்கும் நீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும், போக வழி இல்லாவிட்டால் கல் வெடிக்கும். எங்கள் கல் ஒன்று "டப்" என்று பிளந்து, ஒரு சில்லு மச்சானின் செருப்பில் குத்தி நின்றது. அவன் கால் அப்போது செருப்பில் இல்லை. அன்றிலிருந்து அவன் ரேடியோ கதையை நான் கிண்டல் செய்வதில்லை.

விறகை வீட்டிலிருந்து கொண்டுபோவதும் வேண்டாம். பட்டைக்குள் பூச்சி பயணம் செய்யும். ஆஷ் மரங்களைக் கொல்கிற ஒரு மரகத நிற வண்டு வட அமெரிக்காவில் 2002-இல் கண்ணில் பட்டது, ஊர் ஊராக அது பரவியதில் முகாம் விறகுக்கும் பங்கு உண்டு.

மார்ச் 13, மதியம்

கொசு பற்றி இத்தனை பேர் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை. வேகமாக ஓடுகிற தண்ணீரில் கொசு பொதுவாக முட்டையிடாது, பெரும்பாலும் தேங்கிய குட்டையில்தான். எனவே கரையோரம் நடந்து, வளைவில் வெட்டுப்பட்டு நிற்கிற குட்டை, பாறைக் குழி எங்கே என்று பாருங்கள், அங்கிருந்து விலகி இருந்தால் தொல்லை குறையும். கரு ஈ நேர்மாறு, அதன் புழுக்கள் சுத்தமாக வேகமாக ஓடும் தண்ணீரில் கல்லில் ஒட்டிக்கொண்டு வளரும். நல்ல ஓடை என்றால் கரு ஈயும் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆறுதல், அது பகலில்தான் கடிக்கும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஆழமில்லாத இடத்தில் ஒரு கல்லை மெதுவாகப் புரட்டச் சொல்லுங்கள். அடியில் சுண்டுவிரல் நகம் நீளத்துக்கு மணலால் செய்த சின்னக் குழாய் ஒட்டியிருக்கும், கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்தால் முனையிலிருந்து ஒரு தலையும் ஆறு கால்களும் வெளியே வந்து குழாயை இழுத்துக்கொண்டு நடக்கும். கேடிஸ் பூச்சியின் புழு. மணலை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் பட்டு நூலால் தானே கட்டிய வீடு. கொஞ்சம் இருண்ட மணல், ஒரு வெள்ளைப் பரல், மறுபடி இருண்டது. என் தங்கை மகன் முக்கால் மணி நேரம் குந்தியபடியே இருந்தான், கால் மரத்துப்போய்த் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. பார்த்துவிட்டுக் கல்லை இருந்தபடியே திருப்பி வைக்கச் சொல்லுங்கள்.

மார்ச் 16

"அமைதியான முகாம் என்று போனோம், பக்கத்து இடத்தில் ஸ்பீக்கர்" என்ற புலம்பலுக்கு என்னிடம் மருந்து இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: கரையோர இடத்தில் இருப்பவர் ஓடைச் சத்தத்தை மீறித்தான் பேசுகிறார், பாட்டையும் அந்த அளவுக்கு ஏற்றி வைக்கிறார். தள்ளி இருப்பவருக்கு ஓடை மெலிந்து ஸ்பீக்கர் மட்டும் தெளிவாக வரும். ஸ்பீக்கர் வைத்தவருக்கு அது தெரியவே தெரியாது. போய் மரியாதையாகச் சொன்னபோது மூன்று தடவையில் இரண்டு தடவை உடனே குறைத்தார்கள். மூன்றாவது தடவை நான்தான் இடம் மாறினேன்.

இதே காரணத்துக்காகத்தான் கரடி உள்ள காடுகளில் ஓடையோரம் உரக்கப் பேசிக்கொண்டே நடக்கச் சொல்கிறார்கள். நாம் வருவது அதற்குக் கேட்காது, அது இருப்பது நமக்கும் கேட்காது.

மார்ச் 24

ஊருக்கெல்லாம் சொன்னேனே, நானே போய்ப் பார்ப்போம் என்று போன வாரம் இரண்டு இரவு ஒரு சின்ன முகாமுக்குப் போய் வந்தேன். எட்டு இடம், மூன்றில்தான் ஆள்.

முதல் இரவு என் புத்திமதிப்படியே மேட்டில், பெரிய பாறைக்குப் பின்னால், ஓடை இருப்பதே தெரியாத இடத்தில் அடித்தேன். குளிர் இல்லை, துணி காய்ந்தே இருந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை! சத்தம் இல்லாத இடத்தில் எலி நடந்தால் யானை நடக்கிற மாதிரி இருக்கிறது. ஓர் இலை விழுந்தது, எழுந்து உட்கார்ந்தேன். ஏதோ ஒன்று பாத்திரப் பையை மோந்து பார்த்துவிட்டுப் போனது, அதன் மூச்சு வரைக்கும் கேட்டது. கரையோரம் படுத்திருந்தால் இது எதுவும் காதில் விழுந்திருக்காது. ஓடை என் தூக்கத்தைக் கெடுத்ததாகத்தான் இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன், இதையெல்லாம் மறைத்து வைத்ததை இப்போதுதான் கணக்கில் எடுக்கிறேன்.

இரண்டாம் இரவு கூடாரத்தைப் பிடுங்கி, அதே பாறையின் ஓரத்துக்கு, பாதி மறைப்பு பாதித் திறப்பாக இருக்கும்படி நகர்த்தினேன். கீச்சு போய் "ஓ" மட்டும் வந்தது. ஒன்பது மணிக்குப் படுத்தவன் ஆறரைக்கு எழுந்தேன். பேசியவர்களும் இல்லை, ரேடியோவும் இல்லை.

மார்ச் 27

கேள்வி கேட்டவர் நேற்று தனியாக எழுதியிருந்தார், போய் வந்துவிட்டார்களாம். மூன்றாம் எண் இடம், ஓடைக்கு நாற்பது எட்டு, நடுவில் ஒரு மண்மேடு. தரையில் படுத்துப் பார்த்துத்தான் எடுத்தாராம், பிள்ளைகளும் கூடவே வரிசையாகப் படுத்துக்கொண்டார்களாம். மூத்த பெண்ணுக்கு இரவில் யாரோ பாடுவது கேட்டதாம். என்ன பாட்டு என்று கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

என் கூடார முளைகளில் ஒன்று குறைகிறது. அந்தப் பாறையடியில்தான் விட்டிருப்பேன்.